ஸ்க்ரீன்ஷாட், ஸ்க்ரீன் ரெக்கார்டிங்: எதை எதுல எடுக்குறது? மச்சானுக்கு சொன்னது இங்கயும்

போன வருஷம் ஸ்கூல் தொறந்த நேரம், மச்சான் போன் பண்ணி "மாப்ள, நல்ல ஸ்க்ரீன் ரெக்கார்டர் ஒன்னு சொல்லு, ஃப்ரீயா இருக்கணும், பெஸ்ட்டா இருக்கணும்"னார். மதுரைல ப்ளஸ் டூ பசங்களுக்கு அக்கவுண்டன்சி ட்யூஷன் எடுக்குறவர் அவர், கடைசி பாடத்துல டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர் வருது, அதை போர்டுல வரைஞ்சு காட்டி தொண்டை வத்துறதுக்கு பதிலா ஸ்க்ரீனையே ரெக்கார்ட் பண்ணி குடுத்துடலாம்னு யோசனை. நான் ஒரு ஆபீஸ்ல சிஸ்டம் பாக்குறவன், அதனால சொந்தத்துல யாருக்கு கம்ப்யூட்டர்ல எது ஆனாலும் என் போன்தான் அடிக்கும். நானும் யோசிக்காம ஏதோ ஒரு பேரை சொல்லிட்டேன், அவரும் போட்டார், ஒரே வாரத்துல நாலு பஞ்சாயத்து. அப்புறம்தான் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து ஒன்னொன்னா போட்டு பாத்தேன். பாத்ததுல புரிஞ்சது இதுதான்: எந்த சாஃப்ட்வேர்னு ஆரம்பிச்சா நாள் பூரா யோசிச்சிட்டே இருக்கலாம், எடுத்தது அடுத்த நிமிஷம் யார் கைக்கு போகுதுன்னு பாத்தா பாதி சாஃப்ட்வேர் லிஸ்ட்லேர்ந்து தானா கழண்டுடும்.

முதல்ல படம், அப்புறம் வீடியோ.

எங்க ஆபீஸ்ல இன்னும் பாதி பேர் மானிட்டரை போன்ல போட்டோ எடுத்துதான் வாட்ஸப்ல அனுப்புறாங்க. கோடு கோடா அலை அடிக்கும், ட்யூப்லைட் வெளிச்சம் நடுவுல விழும், எரர் நம்பர் இருக்குற மூலை மட்டும் கரெக்ட்டா வெட்டுப்பட்டிருக்கும். இதை கிண்டல் பண்றதுல எனக்கு உடன்பாடு இல்ல, ஏன்னா ஒரு விஷயத்துல அதுதான் சரி: கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே நீல ஸ்க்ரீன் வந்து நிக்குதுன்னா வேற எதை வச்சும் எடுக்க முடியாது, போன்தான் கதி. மத்த நேரத்துக்கு கீபோர்டுலயே ஆள் இருக்கு.

ப்ரின்ட் ஸ்க்ரீன் கீக்கு ஏன் அந்த பேருன்னு யோசிச்சிருக்கீங்களா? 1981ல ஐபிஎம் பிசி வந்தப்ப அது பேருக்கேத்த மாதிரியே வேலை செஞ்சுது, ஷிஃப்ட்டோட சேத்து அமுக்குனா ஸ்க்ரீன்ல இருக்குற எழுத்தெல்லாம் நேரா ப்ரின்டருக்கு போகும். விண்டோஸ் வந்தப்புறம் அது க்ளிப்போர்டுக்கு, அதாவது காப்பி பண்ணது பேஸ்ட் பண்ற வரைக்கும் தங்குற இடத்துக்கு, காப்பி பண்ற கீயா மாறிடுச்சு, விண்டோஸ் 10ல அமுக்குனா சத்தமும் இல்ல சலனமும் இல்ல, அதனாலயே நிறைய பேர் வேலை செய்யலன்னு நினைச்சு நாலு தடவ அமுக்குவாங்க. எங்கயாவது பேஸ்ட் பண்ணாதான் தெரியும். ஆல்ட்டோட சேத்து அமுக்குனா முன்னாடி இருக்குற விண்டோ மட்டும், விண்டோஸ் கீயோட சேத்து அமுக்குனா ஸ்க்ரீன் ஒரு தடவ மங்கி பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள்ள ஸ்க்ரீன்ஷாட்ஸ்னு ஒரு ஃபோல்டர்ல ஃபைலாவே விழுந்துடும். இந்த கடைசி ஒன்னு விண்டோஸ் 8லேர்ந்து இருக்கு, ஆனா தெரிஞ்சவங்க கம்மி. வரிசையா முப்பது படம் எடுக்கணும், அப்புறமா உக்காந்து பாத்துக்கலாம்னா இதை விட வேகமான வழி எந்த சாஃப்ட்வேர்லயும் இல்ல.

ஆனா தினசரி பொழப்புக்கு விண்டோஸ் கீ, ஷிஃப்ட், எஸ் மூணையும் சேத்து அமுக்குறதுதான். 2017ல விண்டோஸ் 10க்கு வந்த அப்டேட்டுல இது வந்துச்சு. ஸ்க்ரீன் மங்கும், வேணும்கற இடத்தை இழுத்து வெட்டிக்கலாம், உடனே க்ளிப்போர்டுல இருக்கும், வாட்ஸப் வெப்லயோ மெயில்லயோ கன்ட்ரோல் வி போட்டா முடிஞ்சுது. ஃபைலுக்கு பேர் வைக்கணும், எங்க சேவ் ஆச்சுன்னு தேடணும்ங்கற தலைவலியே கிடையாது. நான் எடுக்குற பத்து படத்துல எட்டு ஒருத்தருக்கு ஒரு தடவ அனுப்பிட்டு மறந்து போறதுதான், அதுக்கெல்லாம் இதுக்கு மேல எதையும் இன்ஸ்டால் பண்றது வேஸ்ட். கூடவே விண்டோஸ் கீயையும் வி எழுத்தையும் சேத்து அமுக்கி க்ளிப்போர்டு ஹிஸ்டரியை ஆன் பண்ணி வச்சுக்கிட்டா கடைசியா காப்பி பண்ண 25 ஐட்டம் வரைக்கும் திரும்ப எடுக்கலாம், மூணு படம் வெட்டிட்டு மூணையும் ஒவ்வொன்னா பேஸ்ட் பண்ணலாம், ஒன்னு எடுத்தா முந்துனது போயிடுமேன்னு கவலை இல்ல.

இதுக்கு மேல ஷேர்எக்ஸ், க்ரீன்ஷாட் மாதிரி ஃப்ரீ டூல்ஸ் எதுக்குன்னா, படம் ஒரு ஆளுக்கு போகாம ஒரு டாக்குமென்டுக்குள்ள போகுதுன்னா. ஆபீஸ்ல புதுசா சேர்றவங்களுக்கு பில் எப்படி போடுறதுன்னு நாப்பது பக்கத்துக்கு நான் ஒரு கைடு செஞ்சேன், ஒவ்வொரு படத்துலயும் அம்புக்குறி, 1, 2, 3ன்னு நம்பர், கஸ்டமர் பேரு மேல மறைப்பு. விண்டோஸோடயே வர்ற ஸ்னிப்பிங் டூல்ல பேனாவை வச்சு கோடு போட்டா என் கையெழுத்து மாதிரியே கோணிக்கிட்டு வந்துச்சு, பத்தாவது படத்துல வெறுத்துட்டேன். ஷேர்எக்ஸ்ல நம்பர் போடுறதுக்குன்னே ஒரு டூல் இருக்கு, க்ளிக் பண்ண பண்ண 1, 2, 3ன்னு அதுவா ஏறிக்கிட்டே போகும், போன தடவ வெட்டுன அதே அளவுல அடுத்ததையும் எடுக்கலாம், எடுத்த உடனே பேர் வச்சு சேவ் பண்ணி க்ளிப்போர்டுலயும் போடுறத எல்லாம் அதுவா செய்யுற மாதிரி வரிசை கட்டி விடலாம். ஆனா ஒன்னு, அதோட செட்டிங்ஸ் பக்கம் கல்யாண வீட்டு பந்தி மாதிரி, எதை எடுக்குறது எதை விடுறதுன்னே தெரியாது. மச்சானுக்கு இதை காட்டுனேன், ரெண்டு நிமிஷம் பாத்துட்டு மூடிட்டார். க்ரீன்ஷாட் அந்த விஷயத்துல சாது, கொஞ்சம் பட்டன்தான், அம்பு வரையலாம், எழுதலாம், மறைக்கலாம், ஆனா வீடியோ எடுக்காது. கைடு எழுதுறதுதான் வேலை, மத்தது தேவையில்லன்னா க்ரீன்ஷாட். மௌஸ் கீபோர்டுலாம் நம்ம இஷ்டத்துக்கு வளைச்சுக்கணும்னு ஆசப்படுற ஜாதின்னா ஷேர்எக்ஸ். காசு குடுத்து ஸ்நாக்இட் வாங்குறதும் உண்டு, டெக்னிகல் ரைட்டிங்கே தொழிலா செய்யுறவங்க அதை விட்டு நகர மாட்டாங்க, வருஷத்துக்கு ஒரு கைடு எழுதுற எனக்கு அது ஓவர்.

நீளமான வெப் பேஜை முழுசா எடுக்கணும்னா எந்த டூலும் வேண்டாம், ப்ரௌசர்லயே இருக்கு. ஃபயர்ஃபாக்ஸ்லயும் எட்ஜ்லயும் கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ் அமுக்குனா முழு பக்கமும் எடுக்கவான்னு கேக்கும். குரோம்ல கொஞ்சம் சுத்தி வளைச்சு, டெவலப்பர் டூல்ஸை தொறந்து கன்ட்ரோல் ஷிஃப்ட் பி போட்டு ஸ்க்ரீன்ஷாட்னு டைப் பண்ணா வரும். இதுக்குன்னு எக்ஸ்டென்ஷன் போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை: அதுல சிலது நீங்க தொறக்குற எல்லா பக்கத்தையும் படிக்க பர்மிஷன் கேக்கும், பேங்க் பக்கம் உட்பட. ஒரு படத்துக்காக வீட்டு சாவியை குடுக்குற கதை அது.

மறைக்குறதை பத்தி பேச்சு வந்ததால இதையும் சொல்லிடுறேன், இதுலதான் டூலுக்கு டூல் நிஜமான வித்தியாசம் இருக்கு, யாரும் கண்டுக்க மாட்டேங்குறாங்க. அக்கவுண்ட் நம்பரை கட்டம் கட்டமா மங்கலாக்கி அனுப்புறது பாக்க அழகா இருக்கும், ஆனா அந்த கட்டங்கள் எல்லாம் உள்ள இருந்த எழுத்தோட சராசரி கலர்தான், ஒவ்வொரு எழுத்தா போட்டு மங்கலாக்கி ஒப்பிட்டு பாத்தே மூல எழுத்தை கண்டுபிடிக்குற டூலை 2022லயே எழுதி ஃப்ரீயா வெளில விட்டுட்டாங்க. கருப்பு பெட்டி, அதுவும் கொஞ்சம் கூட உள்ள தெரியாத முழு கருப்பு, அது ஒன்னுதான் பாதுகாப்பு. ஹைலைட்டரை கருப்பு கலர்ல மாத்தி நாலு தடவ தேச்சுட்டு மறைச்சுட்டேன்னு நினைக்காதீங்க, ப்ரைட்னஸை ஏத்துனா எழுத்து எட்டி பாக்கும். இன்னொன்னு 2023 மார்ச்ல வெளில வந்துச்சு: விண்டோஸ் 11 ஸ்னிப்பிங் டூல்லயும் விண்டோஸ் 10 ஸ்னிப் அண்ட் ஸ்கெட்ச்லயும், சேவ் பண்ண படத்தை தொறந்து ஓரத்தை வெட்டிட்டு அதே பேர்ல திரும்ப சேவ் பண்ணா, வெட்டுன பகுதியோட டேட்டா ஃபைலோட வால்ல அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, தெரிஞ்சவன் எடுத்துடலாம். அதுக்கு முன்னாடியே கூகுள் பிக்சல் போன்லயும் இதே ஓட்டை இருந்தது தெரிய வந்துச்சு. அந்த மாசமே சரி பண்ணிட்டாங்க, ஆனா அதுக்கு முன்னாடி வெட்டி அனுப்புன படம் அனுப்புனதுதான். அதுலேர்ந்து நான் வெட்டுறத எடுக்கும்போதே வெட்டிக்கிறேன், முழுசா எடுத்து பின்னாடி வெட்டுறதில்ல.

அதே மாதிரி ஒரே பட்டன்ல நெட்ல ஏத்தி குட்டி லிங்க் குடுக்குற டூல்ஸ் இருக்கு. வசதிதான். ஆனா லிங்க் அஞ்சாறு எழுத்துதான்னா, யாரோ ஒருத்தன் எழுத்தை மாத்தி மாத்தி போட்டு அடுத்தவங்க படத்தை பாத்துக்கிட்டு இருக்கலாம், பாஸ்வேர்ட் எல்லாம் கேக்காது. ஷேர்எக்ஸ்லயும் எடுத்த உடனே அப்லோடு ஆகுற மாதிரி வைக்க முடியும், போட்ட அன்னைக்கே அந்த டிக் ஆஃப்ல இருக்கான்னு பாத்துடுங்க.

ஃபார்மட் விஷயத்துல ரொம்ப யோசிக்க ஒன்னும் இல்ல. எழுத்து, பட்டன், டேபிள் இருக்குற ஸ்க்ரீனுக்கு பிஎன்ஜி, அது எதையும் இழக்காம சுருக்கும். ஜேபெக் போட்டோவுக்கு செஞ்சது, அதுல எழுத்தை சுத்தி அழுக்கு பிடிச்ச மாதிரி இருக்கும். வாட்ஸப்ல படமா அனுப்புனா அது எப்படியும் கசக்கிடும், அதனால எழுத்து பொடிசா இருந்தா டாக்குமென்டா அனுப்புங்க.

இப்ப வீடியோ. மச்சான் கதைக்கு வர்றேன்.

அவர்கிட்ட இருந்தது பழைய ஐ3 லேப்டாப், 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10, பேட்டரி செத்து போய் கரண்ட்லயே ஓடுறது. முதல்ல அவரா தேடி நெட்ல ஒரு ஃப்ரீ ரெக்கார்டர் போட்டிருந்தார், அது பத்து நிமிஷம் ஆனதும் நின்னு காசு கேட்டுச்சு, வீடியோ நடுவுல பெருசா அதோட பேரு வேற. அப்புறம் நான் சொன்னது இன்னொன்னு, அதுக்கு லிமிட் இல்ல, பேரும் இல்ல. ஒரு மணி நாப்பது நிமிஷம் வவுச்சர் என்ட்ரி பூரா பேசி பேசி ரெக்கார்ட் பண்ணிட்டார் மனுஷன், முடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போது கரண்ட் போச்சு. ஃபைல் இருக்கு, 900 எம்பி இருக்கு, ஆனா எதுலயும் தொறக்க மாட்டேங்குது. எனக்கு போன் பண்ணப்ப அவர் கத்துனத இங்க எழுத முடியாது.

அது அந்த சாஃப்ட்வேரோட தப்புன்னு சொல்றத விட எம்பி4ங்கற வீடியோ ஃபைல் பெட்டியோட குணம்னு சொல்லணும். சாதாரணமா எம்பி4ல எந்த ஃப்ரேம், அதாவது வீடியோவோட எந்த ஒத்த படம், ஃபைல்ல எங்க இருக்குன்னு சொல்ற அட்டவணையை ரெக்கார்டிங் நிறுத்தும்போதுதான் எழுதும். கணக்கு பூரா மனசுலயே வச்சுக்கிட்டு கடைசில பேரேட்டுல ஏத்துற கணக்குப்பிள்ளை மாதிரி, நடுவுல ஆள் விழுந்துட்டா சரக்கு எல்லாம் குடோன்ல இருக்கும், எது எங்கன்னு யாருக்கும் தெரியாது. எம்கேவிங்கற இன்னொரு வகை ஃபைல் அப்படி இல்ல, போக போக எழுதிக்கிட்டே போகும், கரண்ட் போனாலும் அது வரைக்கும் எடுத்தது மிஞ்சும். ஓபிஎஸ் ஸ்டூடியோங்கற ஃப்ரீ ரெக்கார்டர்ல எம்கேவில ரெக்கார்ட் பண்ணிட்டு, முடிஞ்சதும் ஃபைல் மெனுல ரீமக்ஸ்னு இருக்குறத குடுத்தா சில செகண்டுல எம்பி4 ஆக்கி தரும், திரும்ப கசக்காது, பெட்டியை மட்டும் மாத்தும். அட்வான்ஸ்டு செட்டிங்ல அதுவா மாத்துற மாதிரியும் வைக்கலாம். 2024ல வந்த ஓபிஎஸ் 30.2 வெர்ஷன்லேர்ந்து ஹைப்ரிட் எம்பி4னு ஒன்னு வந்திருக்கு, அது ரெண்டுக்கும் நடுவுல, பாதில நின்னாலும் தொறக்கும். கரண்ட் கட் ஆகுற ஊர்ல இருக்குற எவருக்கும் ரெக்கார்டர் தேர்ந்தெடுக்குறதுல முதல் கேள்வி இதுவாதான் இருக்கணும், ஆனா நான் பாத்த எந்த டாப் டென் லிஸ்ட்லயும் இது இல்ல.

விண்டோஸ் 11 வச்சிருக்குறவங்களுக்கு சின்ன வீடியோவுக்கு வேற எதுவுமே வேண்டாம். ஸ்னிப்பிங் டூல்லயே வீடியோ பட்டன் இருக்கு, விண்டோஸ் கீ ஷிஃப்ட் ஆர் அமுக்குனா நேரா அதுக்கே போகும், இடத்தை இழுத்து குறிச்சுட்டு ஸ்டார்ட். மைக்கும் எடுக்கும், சிஸ்டத்துலேர்ந்து வர்ற சத்தமும் எடுக்கும், முன்ன பின்ன வெட்டிக்கலாம். "சார் இதை க்ளிக் பண்ணா இப்படி ஆகுது"ன்னு சாஃப்ட்வேர்காரங்களுக்கு காட்டுறதுக்கு முப்பது செகண்ட் வீடியோ, மூணு பக்கம் மெயில் எழுதுறத விட அது மேல். எங்க ஆபீஸ்ல இதை பழக்கி விட்டதுலேர்ந்து எனக்கு வர்ற கம்ப்ளைன்ட் டிக்கெட் பாதியா குறைஞ்சுதுன்னு சொன்னா அது பொய், ஆனா திரும்ப திரும்ப "எந்த ஸ்க்ரீன்ல?"னு நான் கேக்குறது நின்னுருக்கு.

ஆனா மச்சானோடது விண்டோஸ் 10, அதுல ஸ்னிப்பிங் டூல் படம் மட்டும்தான். மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட அதுக்கு சப்போர்ட்டையே நிறுத்திடுச்சு, இருந்தாலும் நம்ம ஊர்ல ஓடுற மெஷின்ல இன்னும் எத்தனையோ அதுதான். அதுல உள்ளயே இருக்குற வழி கேம் பார், விண்டோஸ் கீயும் ஜி எழுத்தும். பேர்தான் கேம், எந்த சாஃப்ட்வேரையும் எடுக்கும், விண்டோஸ் கீ ஆல்ட் ஆர் அமுக்குனா ஸ்டார்ட், திரும்ப அமுக்குனா ஸ்டாப், வீடியோஸ் ஃபோல்டருக்குள்ள கேப்சர்ஸ்னு போய் உக்காரும். ஒரே ஒரு விண்டோவைத்தான் எடுக்கும்ங்கறது இதோட குறை. டெஸ்க்டாப்பையும் எடுக்காது, ஃபைல் எக்ஸ்ப்ளோரரையும் எடுக்காது, டேலியை காட்டிட்டு அப்புறம் எக்செல்லுக்கு மாறி காட்டுனா எக்செல் வராது, தனியா தொறக்குற குட்டி பெட்டி, ரைட் க்ளிக் மெனு எல்லாம் சில நேரம் விட்டு போயிடும். மச்சான் ரைட் க்ளிக் பண்ணி பண்ணி காட்டுறவர், வீடியோல பாத்தா ஒன்னுமே இல்லாத இடத்தை மௌஸ் க்ளிக் பண்ணிக்கிட்டே இருக்கு. ஒரே சாஃப்ட்வேர், ஒரே விண்டோன்னா ஓகே, இல்லன்னா இது வேலைக்கு ஆகாது. இதுக்கு ஒரு லிமிட்டும் இருக்கு, சும்மா விட்டா ரெண்டு மணி நேரம், செட்டிங்ல நாலு வரைக்கும் ஏத்தலாம்.

பவர்பாயிண்ட் இருந்தா அதுலயும் இன்செர்ட்ல ஸ்க்ரீன் ரெக்கார்டிங்னு ஒன்னு இருக்கு, எடுத்து ஸ்லைடுலயே உக்கார வைக்கும், ரைட் க்ளிக் பண்ணி தனி வீடியோவாவும் சேவ் பண்ணலாம். ஸ்கூல் ஆபீஸ் கம்ப்யூட்டர் மாதிரி எதையும் இன்ஸ்டால் பண்ண விடாத இடத்துல இது பெரிய உதவி, நான் ரெண்டு டீச்சருக்கு சொல்லி குடுத்து அவங்க இன்னும் அதையேதான் வச்சு ஓட்டுறாங்க. க்ளிப்சாம்ப் விண்டோஸ் 11லயே வருது, எடிட்டும் பண்ணிக்கலாம், ஒரு தடவைக்கு 30 நிமிஷம்தான். ஷேர்எக்ஸும் வீடியோ எடுக்கும், ஜிஃப்பும் எடுக்கும், பத்து செகண்டுக்கு நல்லா இருக்கும், ஒரு மணி நேர க்ளாஸுக்கு அது இல்ல.

அப்போ மிஞ்சுறது ஓபிஎஸ். 2012ல ஹ்யூ பெய்லி ஆரம்பிச்சது, ஓப்பன் சோர்ஸ், ஃப்ரீன்னா நிஜமாவே ஃப்ரீ, பேரும் போடாது நேரமும் பாக்காது. கேம் ஆடி லைவ் போடுறவங்களுக்கு செஞ்சது, அதனால தொறந்த உடனே சீன், சோர்ஸ், மிக்சர்னு டிவி ஸ்டேஷன் கணக்கா நிக்கும். முதல் நாள் பயப்படுறவங்கதான் அதிகம். சோர்ஸ்ல டிஸ்ப்ளே கேப்சர் ஒன்னு சேத்தா அது போதும், வேற எதையும் தொட வேண்டாம். சில லேப்டாப்ல ரெண்டு கிராஃபிக்ஸ் சிப் இருக்கும், அங்க டிஸ்ப்ளே கேப்சர் சேத்தா வெறும் கருப்புதான் தெரியும், ஏன்னா ஸ்க்ரீன் ஒரு சிப்ல ஓடும் ஓபிஎஸ் இன்னொன்னுல ஓடும், விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ல கிராஃபிக்ஸுக்குள்ள போய் ஓபிஎஸ்ஸை பவர் சேவிங்குக்கு மாத்துனா பெரும்பாலும் சரியாயிடும். ஓடிடி படத்தை எடுக்கப் போய் கருப்பா வருதுன்னா அது வேற விஷயம், அது காப்பி பண்ணக்கூடாதுன்னே போட்ட பூட்டு, அதுக்கு என்கிட்ட வராதீங்க.

4 ஜிபி ரேம்ல ஓபிஎஸ் ஓடுமான்னுதான் எல்லாரும் கேப்பாங்க, மச்சானும் கேட்டார். கணக்கு போட்டு பாருங்க, 1920க்கு 1080 ஸ்க்ரீன்ல ஒரு ஃப்ரேம் கசக்காம வச்சா 6.2 எம்பி, செகண்டுக்கு 30 ஃப்ரேம்னா 186 எம்பி, ஒரு நிமிஷத்துக்கு 11 ஜிபி தாண்டிடும். இவ்வளவையும் அந்தந்த நொடியே சுருக்குறதுதான் என்கோடரோட வேலை, மெஷின் மூச்சு வாங்குறது இதுலதான், ரேம்ல இல்ல. சும்மா விட்டா அதை சிபியூ தலைல கட்டும், டேலி ஒரு பக்கம் ஓட, இது ஒரு பக்கம் ஓட, மௌஸ் தத்தி தத்தி போகும். 2011லேர்ந்து வந்த இன்டெல் சிப்ல நிறையதுல க்விக் சிங்க்னு வீடியோ சுருக்குறதுக்குன்னே தனி பகுதி இருக்கு, என்விடியால என்வென்க், ஏஎம்டிலயும் அதுக்குன்னு ஒன்னு. அவுட்புட் செட்டிங்ல என்கோடரை அதுக்கு மாத்துனா சிபியூ ஃப்ரீயாயிடும். இந்த ஒரே ஒரு மாத்தம்தான், அந்த பழைய ஐ3ல மச்சான் இன்னைக்கு வரைக்கும் ரெக்கார்ட் பண்றார்.

அப்புறம் 30 ஃப்ரேமும் எதுக்கு? கேம் ஆடல, வவுச்சர் போடுறோம், 20 போதும். ஸ்க்ரீன் அளவு மட்டும் குறைக்காதீங்க, இதுல நான் முதல்ல தப்பு பண்ணேன், ஃபைல் சின்னதா இருக்கட்டும்னு 480க்கு இறக்கி வச்சேன், பசங்க போன்ல பாத்துட்டு டெபிட் எது க்ரெடிட் எதுன்னே தெரியலன்னுட்டாங்க. அவர் ஸ்க்ரீனே 1366க்கு 768தான், அதை அப்படியே விட்டோம். பிட்ரேட், அதாவது செகண்டுக்கு எவ்வளவு டேட்டா எழுதுதுங்கறது, அதுதான் ஃபைல் சைஸை முடிவு பண்ணும்: 2500 கேபிபிஎஸ்னா ஒரு மணி நேரத்துக்கு 1.1 ஜிபி, 1000னா 450 எம்பி. ஸ்க்ரீன்ல முக்கால்வாசி நேரம் எதுவும் அசையாது, அதனால 1000லயே எழுத்து பளிச்சுன்னு இருக்கு. அதையே க்ரிக்கெட் வீடியோவுக்கு வச்சா பிசைஞ்ச சோறு மாதிரி வரும்.

இந்த சைஸ் கணக்கு ஏன் முக்கியம்னா, இந்த வீடியோ போய் சேர்றது பசங்க போனுக்கு, தினம் ஒரு ஜிபி, ஒன்றரை ஜிபி டேட்டா வச்சிருக்குற பசங்க. வாட்ஸப்ல டாக்குமென்டா 2 ஜிபி வரைக்கும் அனுப்பலாம்தான், ஆனா ஒரு பாடத்துக்கு ஒரு நாள் டேட்டா போச்சுன்னா எவன் பாப்பான். அதனால ஒரு மணி நேரமா எடுக்காம ஒரு வவுச்சருக்கு ஒரு வீடியோன்னு பன்னெண்டு பதினஞ்சு நிமிஷமா ஒடைச்சோம், ஒன்னு 100 எம்பி சொச்சம்தான் வருது. கரண்ட் போனாலும் நட்டம் பதினஞ்சு நிமிஷம். லிங்க் இருக்குறவங்க மட்டும் பாக்குற மாதிரி நெட்ல ஏத்தியும் வைக்குறார், க்ளாஸுக்கு வராதவனுக்கு லிங்க்.

மேக், லினக்ஸ் ஆளுங்க சண்டைக்கு வர்றதுக்குள்ள சொல்லிடுறேன். மேக்ல கமாண்ட் ஷிஃப்ட் 3 முழு ஸ்க்ரீன், 4 வெட்டி எடுக்க, 4ஐ அமுக்கிட்டு ஸ்பேஸ் தட்டுனா ஒரு விண்டோ மட்டும் நிழலோட அழகா வரும், 2018ல வந்த மொஜாவே வெர்ஷன்லேர்ந்து 5 அமுக்குனா வீடியோவும் சேத்து. படத்துல விண்டோஸை விட மேக் ஒரு படி மேல, ஒத்துக்குறேன். வீடியோல ஒரு குறை, அதோட சொந்த டூல் ரொம்ப காலமா மைக்கை மட்டும்தான் எடுத்துச்சு, உள்ள ஓடுற சத்தத்தை எடுக்க ப்ளாக்ஹோல்னு தனியா ஒன்னு போட்டு சுத்துவாங்க, இப்ப மேக்ஓஎஸ் 13க்கு மேல ஓபிஎஸ்லயே அது வந்துடும். லினக்ஸ்ல க்னோம்ங்கற டெஸ்க்டாப்ல, 2022ல வந்த 42லேர்ந்து, ப்ரின்ட் ஸ்க்ரீன் அமுக்குனாலே படம், வீடியோ ரெண்டுக்கும் ஒரே பெட்டி தொறக்கும். பழைய ரெக்கார்டர் சிலது, ஸ்க்ரீனை காட்டுறதுக்கு லினக்ஸ்ல வந்த புது முறையான வேலேண்ட்ல ஓடாது, சிம்பிள் ஸ்க்ரீன் ரெக்கார்டர் வச்சிருந்தவங்களுக்கு இது தெரியும், அங்கயும் கடைசில ஓபிஎஸ்தான். அம்புக்குறி போட ஃப்ளேம்ஷாட்.

ரெக்கார்டிங்ல இன்னொரு சங்கடம் நோட்டிஃபிகேஷன். படத்துல நீங்க பாத்துட்டுதான் அனுப்புவீங்க, ஒரு மணி நேர வீடியோவை யாரும் திரும்ப முழுசா பாக்குறதில்ல. மச்சானோட மூணாவது வீடியோல வலது ஓரத்துல குடும்ப குரூப்லேர்ந்து அத்தை அனுப்புன மெசேஜ், யாருக்கு எவ்வளவு மொய் வச்சோம்னு லிஸ்ட், பசங்க அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஓட்டிட்டாங்க. விண்டோஸ் 10ல ஃபோகஸ் அசிஸ்ட், 11ல டூ நாட் டிஸ்டர்ப், ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி அதை ஆன் பண்ணுங்க, வாட்ஸப் வெப்பை மூடிடுங்க. ஓபிஎஸ்ல டிஸ்ப்ளேக்கு பதிலா விண்டோ கேப்சர் வச்சா இந்த பிரச்சனை வராதுதான், ஆனா கேம் பார்ல பட்ட அதே மெனு பாடு அதுலயும் கொஞ்சம் படணும், மச்சான் மாதிரி ரைட் க்ளிக் ஆளுக்கு டிஸ்ப்ளேதான்.

சத்தம்தான் இப்ப பாக்கி. மே மாசம் மதுரைல ஃபேனை நிறுத்திட்டு ரெக்கார்ட் பண்ணுங்கன்னு யார்கிட்டயும் சொல்ல முடியாது. ஓபிஎஸ்ல மைக் மேல ஃபில்டர்ல நாய்ஸ் சப்ரஷன்னு இருக்கு, அதுல ஆர்என்நாய்ஸ் தேர்ந்தெடுத்தா ஃபேன் சத்தம் மாயமா போயிடும், ஒரே மாதிரி ஓடிக்கிட்டே இருக்குற சத்தத்தை அது நல்லா பிடிக்கும். மைக்கை ஒரு ட்ராக், சிஸ்டம் சத்தத்தை ஒரு ட்ராக்னு பிரிச்சும் எடுக்கலாம், அப்புறமா ஒன்னை மட்டும் குறைச்சுக்கலாம். இதெல்லாம் செட் பண்ணி குடுத்து நிம்மதியா இருந்தேன், ஆடி பொறந்துச்சு. தெருமுனைல அம்மன் கோயில் கூம்பு ஸ்பீக்கர், விடிய காலைலேர்ந்து பாட்டு. பாட்டு மைக் வழியா வருது, அவர் குரலும் அதே மைக், ட்ராக் பிரிச்சு என்ன பிரயோஜனம், ஃபில்டரும் பாட்டை பாதி விழுங்கி பாதி துப்புது. ஏத்துன வீடியோவுக்கு காப்பிரைட் க்ளைம் வந்துடுச்சு, பேங்க் ரீகன்சிலியேஷன் நடத்துற வீடியோல பின்னாடி ஓடுன அம்மன் பாட்டுக்கு. மச்சான் போன் பண்ணி "மாப்ள, இதுக்கு எது பெஸ்ட்டு"ன்னார். ராத்திரி பத்து மணிக்கு மேல ஸ்பீக்கரை நிறுத்திடுவாங்க, அப்ப எடுங்கன்னேன்.